உறுமி கேட்ட காதும் ஒரு ஃபிளேஞ்சர் பெடலும்

பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது: “அண்ணே, பேஸுக்கு எந்த ஃபிளேஞ்சர் வாங்கலாம்?” சிரம்பான், பகாவ், ரந்தாவ் பக்கம் கல்யாண விருந்து, கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று வாசித்துத் திரிகிறவர்கள். இவர்களில் பெரும்பாலோரின் தாத்தா பாட்டிகள் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள். பெடல் வாங்கச் சேர்க்கிற காசு லேசில் வந்த காசு இல்லை. ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் இந்தக் கேள்விக்குள் இரண்டு வரலாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று அந்தக் கருவியின் வரலாறு, இன்னொன்று நம் காதின் வரலாறு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான பெடல் எது என்பது புரியும்.

முதலில் காதைப் பற்றிப் பேசுவோம்.

தென்னிந்தியாவிலிருந்து கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938இல் நின்றது. அன்றைய இந்திய அரசாங்கம் அதைத் தடை செய்தது. அதற்குள் நெகிரி செம்பிலானின் ரப்பர் தோட்டங்களில் இரண்டு தலைமுறைத் தமிழர்கள் லயங்களில் வாழ்ந்து முடித்திருந்தார்கள். அவர்களோடு கப்பலேறி வந்த வாத்தியங்களில் கீழ்ச்சுரத்துக்கு இரண்டு இருந்தன: தப்பும் உறுமியும். தப்பு நெஞ்சில் அடிக்கும். உறுமியின் வேலை வேறு. அதன் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது தோல் விம்மி ஒரு ஓசை எழும்பும். அந்த ஓசை ஓரிடத்தில் நிற்காது. கீழேயிருந்து மேலே வழுக்கிப் போகும், திரும்பிக் கீழே இறங்கும். அம்மன் கோயில் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவரின் காலை அசைப்பது பெரும்பாலும் அந்த வழுக்கல்தான்.

இதை நான் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. தப்புக்குப் பின்னால் சாதி இருந்தது. கடல் கடந்தும் அது கூடவே வந்தது. சாவு வீட்டில் யார் அடிப்பது, கோயிலில் யார் அடிப்பது என்ற கணக்கு லயங்களிலும் நடந்தது. 1970களிலும் 80களிலும் இளைஞர்கள் கிட்டாரைக் கையில் எடுத்ததற்கு இசை ஆசை ஒரு காரணம் என்றால், அந்தக் கணக்கிலிருந்து விலகி நிற்க ஆசைப்பட்டதும் ஒரு காரணம். கிட்டாருக்குச் சாதி கிடையாது. அதை எந்த வீட்டுப் பையனும் தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

மலாயாவுக்கு மின்சாரக் கிட்டார் மோகத்தைக் கொண்டுவந்ததில் ஓர் இங்கிலாந்துக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்தார்கள். அதற்குப் பிறகு தீபகற்பம் முழுவதும் கிட்டார் குழுக்கள் முளைத்தன. மலாய்க்காரர்கள் அதைக் ‘குகிரான்’ என்றார்கள். ‘கும்புலான் கிட்டார் ரஞ்சாக்’ என்பதன் சுருக்கம் அது. அந்த இசைக்குப் ‘பாப் யே யே’ என்று பெயர். ஒரு லீட், ஒரு ரிதம், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் என்ற நான்கு பேர் அமைப்பு அப்போதுதான் இங்கே நிலைத்தது. நம்மவர்களும் வெளியே நிற்கவில்லை. பினாங்கைச் சேர்ந்த ஆறுமுகம் சகோதரர்கள், லோகநாதனும் டேவிட்டும், அல்லிகேட்ஸ் குழுவைக் கொண்டு மலாய்ப் பாடல் உலகத்தின் உச்சிக்கே போனார்கள். தமிழ்ப் பையன் கிட்டார் குழு வைத்துப் பிழைக்கலாம் என்பதற்கு நாடறிந்த சாட்சி அவர்கள்.

தோட்டத்து மேடைக்கு வேண்டியதோ சினிமாப் பாட்டு. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபின் பேஸ் கிட்டார் தமிழ்ப் பாட்டில் பின்வரிசையிலிருந்து முன்னுக்கு வந்தது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனக்கென ஒரு மெட்டோடு நடந்தது. அவருக்காக வாசித்த சசிதரனின் பேஸ் வரிகளைத் தனியாகப் பாடிக் காட்டுகிற ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் தோட்டத்தில் அந்தப் பேஸைக் கேட்பது லேசாக இல்லை. பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மின்சாரம் இரவில் சில மணி நேரம்தான். மற்ற நேரத்தில் பேட்டரி வானொலி, பேட்டரி கேசட் பெட்டி. அவற்றின் கையகல ஸ்பீக்கரில் நாற்பது ஐம்பது ஹெர்ட்ஸ் அதிர்வு வெளியே வராது. பேஸ் சுரத்தின் அடிநாதம் கேட்காது. அதன் மேலே அடுக்கடுக்காக நிற்கும் மேற்சுரங்கள் மட்டும் கேட்கும். மூளை அதைக் கொண்டு கீழே இருப்பதை ஊகித்துக்கொள்ளும். அப்படி ஊகித்து ஊகித்தே பேஸ் வரிகளைப் பிடித்த தலைமுறை ஒன்று நமக்கு உண்டு.

என் சித்தப்பா அந்தத் தலைமுறை. ரந்தாவ் பக்கத் தோட்டம் ஒன்றில் காலையில் பால்மரம், சாயங்காலம் குழுவில் பேஸ். “பேஸுன்னா காதுல கேக்கக் கூடாதுடா, வயித்துல கேக்கணும்,” என்பார். 1980களில் அவர் கையில் ஒரு ஃபிளேஞ்சர் பெடல் கிடைத்தது. கிட்டாருக்காகச் செய்யப்பட்டது. அதை அழுத்தியபோது அவருக்குத் தோன்றிய முதல் வார்த்தை ‘உறுமி’. அடுத்த நிமிடமே இன்னொன்றும் தெரிந்துவிட்டது: வயிற்றில் கேட்க வேண்டியது காணாமல் போயிருந்தது. அது ஏன் போனது என்று புரிய, கருவியின் கதைக்கு வர வேண்டும்.

ஃபிளேஞ்சர் செய்வது எளிய வேலை. ஒரு ஓசையை இரண்டாகப் பிரிக்கும். ஒன்றை அப்படியே விடும். இன்னொன்றைச் சில மில்லி வினாடிகள் தாமதப்படுத்தும். பிறகு இரண்டையும் சேர்க்கும். அந்தத் தாமதம் கூடிக்கொண்டும் குறைந்துகொண்டும் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதை முதலில் கையால் செய்தார்கள். 1945இல் அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் ‘மேமிஸ் பூகி’ என்ற பதிவில், இசைத்தட்டு வெட்டும் இரண்டு இயந்திரங்களை ஒன்றின் வேகத்தை மாற்றி ஓடவிட்டு இந்த ஓசையை வரவழைத்தார். 1959இல் டோனி ஃபிஷர் பாடிய ‘தி பிக் ஹர்ட்’ பாட்டில் இது வானொலி வழியாக வீடுகளுக்குள் போனது. 1966இல் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பொறியாளர் கென் டவுன்செண்ட், பாடகர் ஒரே வரியை இரண்டு முறை பாட வேண்டிய சிரமத்தைத் தவிர்க்க ஒரு டேப் உத்தியைக் கண்டுபிடித்தார். இது எப்படி வேலை செய்கிறது என்று ஜான் லெனன் கேட்க, ஜார்ஜ் மார்ட்டின் வாய்க்கு வந்த பொய்க் கலைச்சொற்களை அடுக்கிக் கிண்டலாகப் பதில் சொன்னாராம். அதில் ‘ஃபிளேஞ்ச்’ என்ற சொல்லும் இருந்தது. லெனன் அதைப் பிடித்துக்கொண்டார். டேப் சுருளின் விளிம்புக்கு ஆங்கிலத்தில் அதே பெயர்தான். இரண்டு டேப் இயந்திரங்களில் ஒரே பாட்டை ஓடவிட்டு, ஒன்றின் சுருள் விளிம்பை விரலால் லேசாகத் தொட்டு வேகத்தைக் குறைப்பது இந்த உத்தி. பெயர் வந்த வழி எதுவானாலும், விளிம்பில் விரல் வைக்கும் வேலைக்கு அது பொருந்திப்போனது. 1967இல் ஸ்மால் ஃபேசஸ் குழுவின் ‘இச்சிகூ பார்க்’ வந்தபின் உலகம் முழுக்க இந்த ஓசை பழக்கமாகிவிட்டது.

கவனியுங்கள், அதுவரை இது பணக்கார ஓசை. விலையுயர்ந்த இரண்டு டேப் இயந்திரங்கள், அவற்றை ஓட்ட ஒரு பொறியாளர், வாடகைக்கு ஒரு ஸ்டூடியோ வேண்டும். மேடையில் நிற்கிறவனுக்கு அது எட்டாது. அதைக் காலடிக்குக் கொண்டுவந்தது ஒரு சில்லு. 1969இல் நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டரும் டீரும் ஒரு மின்சுற்றை வடிவமைத்தார்கள். தீயணைக்க மனிதர்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, அதேபோல மின்னூட்டத்தை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கைமாற்றும் சுற்று அது. ‘பக்கெட் பிரிகேட்’ என்றே பெயர் வைத்தார்கள். பால் வாளி சுமந்த வம்சத்துக்கு இதை விளக்கவே வேண்டாம். 1024 அறைகள் கொண்ட சில்லில் கைமாற்றும் துடிப்பு விநாடிக்கு ஒரு லட்சம் என்றால் தாமதம் 5.12 மில்லி வினாடி. துடிப்பைப் பாதியாக்கினால் தாமதம் இரட்டிப்பாகும். டேப் விளிம்பில் விரல் செய்த வேலையை இங்கே துடிப்பின் வேகம் செய்கிறது.

1976இல் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் எலக்ட்ரிக் மிஸ்ட்ரஸ் வந்தது. ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1980இல் பி.எஃப்-2 என்ற ஊதா நிறப் பெடலைக் கொண்டுவந்தது. தி கியூர் குழுவின் சைமன் கேலப் அதைப் பேஸில் பயன்படுத்திப் பேர் வாங்கினார். ஆனாலும் இந்தப் பெடல்கள் எல்லாமே முதலில் கிட்டாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பேஸ்காரன் கடைசிப் பந்தி.

சித்தப்பாவின் அடிநாதம் போன இடத்துக்கு இப்போது வருவோம். ஒரே ஓசையின் இரண்டு பிரதிகள் சற்றே முன்பின்னாகச் சேரும்போது, ஒன்றின் மேடும் மற்றதின் பள்ளமும் எங்கே சந்திக்கின்றனவோ அந்த அதிர்வெண் அழிந்துபோகும். தாமதம் 1 மில்லி வினாடி என்றால் முதலில் அழிவது 500 ஹெர்ட்ஸ். 5 மில்லி வினாடி என்றால் 100 ஹெர்ட்ஸ். 12 மில்லி வினாடி என்றால் ஏறக்குறைய 42 ஹெர்ட்ஸ். நான்கு தந்திப் பேஸில் திறந்த தந்திகளின் அதிர்வெண்களைப் பக்கத்தில் வையுங்கள்: இ தந்தி 41, ஏ தந்தி 55, டி தந்தி 73, ஜி தந்தி 98. ஃபிளேஞ்சரின் தாமதம் 1இலிருந்து பத்துப் பன்னிரண்டு மில்லி வினாடி வரை ஊசலாடும்போது, அழிக்கும் பள்ளம் இந்த நான்கு சுரங்களின் மேலேயும் மாறி மாறி உட்கார்ந்து எழும். கிட்டாரின் அடித்தந்தியே 82 ஹெர்ட்ஸ். குழுவில் அடிநாதத்தைப் பிடிக்கும் வேலையும் அதற்கு இல்லை. அதனால் கிட்டாரில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. பேஸில் அது பாட்டின் அஸ்திவாரத்தை மூன்று விநாடிக்கு ஒருமுறை உருவி எடுப்பது மாதிரி.

சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. காது போதுமானதாக இருந்தது. பேஸிலிருந்து வரும் கம்பியை இரண்டாகப் பிரித்தார். ஒன்று நேராகப் பேஸ் ஆம்புக்கு. இன்னொன்று ஃபிளேஞ்சர் வழியாக ஒரு சின்னக் கிட்டார் ஆம்புக்கு. கீழே வயிறு, மேலே உறுமி. சின்ன ஆம்பில் கீழ்ச்சுரத்தை முழுக்கக் குறைத்துவிட்டார். பிற்பாடு பெடல் கம்பெனிகள் ஒரே டப்பாவுக்குள் அடைத்து விற்றதும் இதே ஏற்பாட்டைத்தான். 1980களின் பிற்பகுதியில் பாஸ் நிறுவனமே பி.எஃப்-2பி என்று பேஸுக்கென்று ஒரு ஃபிளேஞ்சரைச் செய்தது. இன்றைய பி.எஃப்-3இல் கிட்டாருக்கு ஒரு துளை, பேஸுக்குத் தனியாக ஒரு துளை. எம்.எக்ஸ்.ஆர் நிறுவனத்தின் பேஸ் கோரஸ் டிலக்ஸில் ஃபிளேஞ்சருக்கு ஒரு பொத்தானும், கீழ்ச்சுரத்தைத் தொடாமல் விட ஒரு பொத்தானும் உண்டு.

ஆகவே என் பதில் இதுதான். பேஸுக்கு ஃபிளேஞ்சர் வாங்கும்போது அது என்ன செய்கிறது என்று பார்ப்பதைவிட, எதைத் தொடாமல் விடுகிறது என்று பாருங்கள்.

கடையில் பெடல்களை எப்படிச் சோதிப்பது? வேகமாகச் சுழற்றிவிட்டு ‘ஷ்ஷூம்’ என்று வருகிறதா என்று பார்ப்பது வீண். அது எல்லாப் பெடலிலும் வரும். வேகத்தை மிகக் குறைவாக வையுங்கள். திறந்த இ தந்தியை ஒரே சீராகத் தட்டிக்கொண்டே இருங்கள். பெடலின் ஊசல் ஒரு சுற்று முடியும்வரை பொறுமையாகக் கேளுங்கள். நடுவில் எங்காவது தரை இறங்குகிற மாதிரி இருந்தால் அது உங்கள் பெடல் இல்லை. இந்தச் சோதனையைப் பெரிய பேஸ் ஆம்பில் செய்ய வேண்டும். கடைக்காரர் சின்ன ஆம்பைக் காட்டினால், “பெரிசுல போட்டுப் பாக்கலாமா, பாஸ்?” என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அடுத்து, கலவையைக் கட்டுப்படுத்தும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். நேர் ஓசை எவ்வளவு, தாமத ஓசை எவ்வளவு என்று நீங்கள் தீர்மானிக்க முடிய வேண்டும். இல்லையென்றால் பேஸுக்கென்று தனித்துளையோ, கீழ்ச்சுரத்தை விலக்கும் பொத்தானோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத பழைய பெடலை நல்ல விலைக்குக் கண்டால், கலவைக்கு இன்னொரு சின்னப் பெடல் வாங்க வேண்டியிருக்கும் என்று கணக்கில் வையுங்கள்.

‘ரெசனன்ஸ்’ அல்லது ‘கலர்’ என்று ஒரு குமிழ் இருக்கும். தாமத ஓசையைத் திரும்பவும் உள்ளே அனுப்புவது அதன் வேலை. அதை ஏற்றினால் ஓசை உலோகக் குழாய்க்குள் போன மாதிரி கூர்மையாகும். பேஸில் கால்வாசிக்கு மேல் ஏற்றினால் ஏதாவது ஒரு சுரம் மட்டும் திடீரென்று கத்தும். மண்டபத்தின் எதிரொலியும் சேர்ந்துகொண்டால் பாடகர் திரும்பிப் பார்ப்பார்.

பெடலுக்கு நீங்கள் கொடுப்பதும் முக்கியம். சீவுவதற்கு ஃபிளேஞ்சருக்கு மேற்சுரங்கள் வேண்டும். பழைய, மழுங்கிய தந்தியில், விரல் நுனியால், டோன் குமிழை அடைத்துவைத்து வாசித்தால் எந்தப் பெடலும் ஒன்றும் செய்யாது. புதுத் தந்தி போடுங்கள். பிக் கொண்டு வாசித்துப் பாருங்கள். லேசான ஓவர்டிரைவை ஃபிளேஞ்சருக்கு முன்னால் வையுங்கள். மின்சாரத்தையும் கவனியுங்கள். திருவிழா மேடைக்கு ஜெனரேட்டரில் இழுத்த கம்பியில் இரைச்சல் ஏறும். ஃபிளேஞ்சர் அந்த இரைச்சலையும் சேர்த்துச் சீவி, பாட்டில்லாத நேரத்திலும் ஊளையிடும். ஒழுங்கான அடாப்டரோ ஒன்பது வோல்ட் பேட்டரியோ இருந்தால் தொல்லை பாதி குறையும்.

எங்கே பயன்படுத்துவது? பல்லவியில் வேண்டாம் லா. அங்கே பேஸ் நடக்க வேண்டும். இடையிசையில், நீண்ட ஒற்றைச் சுரம் நிற்கும் இடத்தில், டிரம்ஸ் ஓய்ந்து பேஸ் மட்டும் இருக்கும் நான்கு அளவில் காலை வையுங்கள். உறுமிக்காரரைப் பாருங்கள். அவர் இடைவிடாமல் தேய்த்துக்கொண்டே இருக்க மாட்டார். அடியை அடியாக வைத்து, சரியான இடத்தில் ஒரு தேய்ப்பு தேய்ப்பார். கூட்டம் அதற்குத்தான் நிமிரும். இயற்பியல்படி இரண்டும் வேறு. உறுமியில் தோலின் இறுக்கம் மாறிச் சுரமே வழுக்குகிறது. ஃபிளேஞ்சரில் சுரம் நின்ற இடத்திலேயே நிற்க, அதிலிருந்து சீவப்படும் பகுதி மட்டும் நகர்கிறது. ஆனால் காதுக்கு இரண்டும் அசைகிற ஓசை. அசையாத ஒன்று அடியில் இருந்தால்தான் அசைவது தெரியும் என்ற பாடமும் இரண்டுக்கும் பொது.

அந்தக் காது வளர்ந்த தோட்டங்கள் இப்போது பெரும்பாலும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது வேலைக்கு ஆள் குறைந்தது. 1981இல் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்தது. 2007இல் அது சைம் டார்பியோடு இணைந்தது. லாபு, நீலாய், சிரம்பான் பக்கத்து மரங்கள் நின்ற நிலம் வீடமைப்புத் திட்டங்களாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறியது. லயத்தை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகளில் பலர் போய்ச் சேர்ந்த இடம் செனவாங் போன்ற தொழிற்பேட்டைகள். சிரம்பானில் மோட்டோரோலாவின் சில்லு ஆலை இருந்தது. 1999இல் அது ஆன் செமிகண்டக்டர் ஆனது. பேருந்தில் ஷிஃப்ட் வேலைக்குப் போய்வந்த அக்காமார்களின் சம்பளத்தில்தான் பல வீடுகளில் முதல் கிட்டார் வந்தது. என் வீட்டில் அப்படித்தான் வந்தது.

தோட்டம் மறைந்ததும் தோட்டத்து இசை மறைந்துவிட்டது என்று எழுதுவது நம்மிடையே ஒரு பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உறுமி மேளக் குழுக்கள் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பயிற்சி செய்கின்றன, இளைஞர்கள் வெட்கமில்லாமல் தப்பை எடுக்கிறார்கள். இழந்தது வேறு. மேடையில் நின்று, கையில் இருக்கும் அரைகுறைக் கருவியைத் தன் காதுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டவர்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. அவர்கள் செய்ததற்கு ஒலிப்பதிவு இல்லை, புகைப்படம்கூட அபூர்வம். லெஸ் பாலின் இரண்டு இசைத்தட்டு இயந்திரங்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. கம்பியை இரண்டாகப் பிரித்த தோட்டத்து பேஸ்காரர்களைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் எந்த ஆம்பில், எந்தக் கம்பியில், எப்படி வாசித்தார் என்று இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். பெடல் வாங்குவதைவிட அது அவசரம்.

பிறகு பெடல் வாங்கலாம். புதிதாக ஒன்று வாங்க இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆகவே நிதானமாகக் கேட்டு வாங்குங்கள். பாஸ் பெடல் என்றால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே ஜப்பான் என்று இருந்தது, பிறகு தைவான் என்று மாறியது. 2010களுக்குப் பிறகு வந்தவற்றில் ‘மேட் இன் மலேசியா’ என்று போட்டிருக்கும்.